எண்ணெயும் தண்ணீரும் இரண்டுபட்டால்...

1914-இல் இத்தாலியில் 'கபீரியா' என்றொரு படம் வந்தது. ரோமுக்கும் கார்த்தேஜுக்கும் நடந்த பழைய காலத்துப் போர்தான் கதை. எட்னா எரிமலை வெடிக்கும். கார்த்தேஜின் தளபதி ஹன்னிபால் யானைகளை ஓட்டிக்கொண்டு பனி மூடிய ஆல்ப்ஸ் மலையைத் தாண்டுவான். ஒரு சிறுமியை மோலோக் என்ற தெய்வத்துக்குத் தீயில் பலி கொடுக்கப் பார்ப்பார்கள். இத்தனைக்கும் பேசாத படம்! திரையில் யாருடைய உடைக்கும் அதன் உண்மையான நிறம் கிடையாது.

ஆனால் அந்தக் காலத்து ஊர்ச் சுவர்களில் ஒட்டிய சினிமா போஸ்டர்களைப் பாருங்கள்: செக்கச்செவேல் என்று தீ, தங்க நிறத்தில் கவசம், கருநீல வானம்! கபீரியாவுக்குப் போஸ்டர் வரைந்தவர்களில் லியோபோல்டோ மெட்லிகோவிட்ஸ் ஒருவர். இவர் சின்ன வயதிலேயே அச்சகத்தில் சேர்ந்து தொழில் பழகியவர். அது கல்லில் அச்சடிக்கும் தொழில்.

கல்லில் செதுக்கி மை தடவி அச்சடிப்பார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. அந்தக் கல் வழுவழுவென்று சமமாக இருக்கும். தடவிப் பார்த்தால் மேடும் இருக்காது, பள்ளமும் இருக்காது. பிறகு எப்படிப் படம் மட்டும் மையைப் பிடிக்கிறது?

இதைக் கண்டுபிடித்தவர் ஒரு நாடகக்காரர். ஜெர்மனியின் மியூனிக் நகரில் வாழ்ந்த அலாய்ஸ் செனபெல்டர். அப்பா நடிகர், மகன் நாடகம் எழுதுபவர். எழுதியதை அச்சடிக்கக் கையில் காசில்லை, அதனால் மலிவாக அச்சிட வழி தேடிக்கொண்டிருந்தார். ஒருநாள் அம்மா சலவைக்குப் போடும் துணிகளுக்குக் கணக்கு எழுதச் சொன்னாராம். பக்கத்தில் காகிதம் இல்லை. கையருகே இருந்த சுண்ணாம்புக் கல்லில், தான் தயாரித்து வைத்திருந்த மெழுகும் சோப்பும் கலந்த மையால் எழுதினார். 1796-இல் நடந்ததாக அவரே சொன்ன கதை இது. அதிலிருந்து தொடங்கி, இரண்டொரு வருடத்தில் கல்லச்சு முறையை முழுதாக உருவாக்கிவிட்டார்.

அதில் நடப்பது இதுதான். கொழுப்பும் மெழுகும் சேர்ந்த கறுப்புக் குச்சியால் கல்மேல் படம் வரைவார்கள். பிறகு கருவேல மரத்தின் உறவுக்கார மரங்களில் வடியும் பிசினைக் கரைத்து, அதில் துளி நைட்ரிக் அமிலம் சேர்த்து, கல் முழுக்கப் பூசுவார்கள். வரைந்த இடத்தில் கொழுப்பு கல்லின் கால்சியத்தோடு சேர்ந்து கெட்டியாக ஊன்றிக்கொள்ளும். வரையாத இடத்தில் பிசின் மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்ளும். பிசினுக்குத் தண்ணீர் என்றால் உயிர். இப்போது ஈரத்துணியால் கல்லைத் துடைத்தால் வெற்றிடம் நனையும், கொழுப்புக் கோடு நனையாது. உடனே எண்ணெய் மை தடவிய ரோலரை உருட்டுவார்கள். ஈரமான இடம் மையைச் சேர்க்காது. கொழுப்புக் கோடு கட்டிப் பிடித்துக்கொள்ளும். மேலே காகிதம் வைத்து அழுத்தி எடுத்தால் படம் தயார்.

எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் ஏன் இந்தப் பகை? தண்ணீர் மூலக்கூறின் ஒரு பக்கம் லேசான எதிர்மின் தன்மை உடையது, இன்னொரு பக்கம் நேர்மின் தன்மை உடையது. அதனால் தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுத்துக் கைகோத்து நிற்கின்றன. எண்ணெய் மூலக்கூறில் அப்படி இரண்டு முனைகள் இல்லை. கைகோத்த கூட்டத்துக்குள் அது நுழைய முடியாமல் வெளியே தள்ளப்படுகிறது. ரசத்தின் மேல் எண்ணெய் வட்டம் வட்டமாக மிதப்பதும் இதனால்தான். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இங்கே எண்ணெயும் தண்ணீரும் இரண்டுபட்டதில் நிஜமாகவே கூத்தாடிகளுக்குத்தான் கொண்டாட்டம்!

எல்லாக் கல்லும் இதற்கு ஆகாது. ஜெர்மனியில் சோல்ன்ஹோபன் என்ற ஊரில் கிடைக்கும் சுண்ணாம்புக் கல்லுக்குத்தான் மவுசு. ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன், அமைதியான கடல் நீரில் மிக மெல்லிய சேறு படிந்து உண்டான கல் அது. பொடி அவ்வளவு நுண்மை என்பதால் பென்சில் கோட்டையும் அப்படியே காட்டும். அதே நுண்மைதான் ஒரு பழைய உயிரின் இறகையும் அச்சுப் பிசகாமல் காத்து வைத்திருந்தது. அங்கே கிடைத்த அந்த உயிருக்கு 1861-இல் வைத்த பெயர் ஆர்க்கியோப்டெரிக்ஸ் லித்தோகிராபிக்கா. 'லித்தோகிராபிக்' என்பது அந்த அச்சுக் கல்லுக்கு உள்ள பெயர்.

ஒரு கல்லில் ஒரு நிறம்தான் வரும். சிவப்புக்கு ஒரு கல், மஞ்சளுக்கு ஒரு கல், நீலத்துக்கு ஒரு கல் என்று ஒரே காகிதம் பலமுறை அச்சேறும். ஒரு மயிரிழை விலகினால் போச்சு, வீரனின் உதட்டுச் சிவப்பு அவன் கன்னத்துக்கு வந்துவிடும். போதாததற்கு எல்லாவற்றையும் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாற்றி வரைய வேண்டும், எழுத்துகள் உட்பட. உங்கள் பெயரை அப்படி ஒருமுறை எழுதிப் பாருங்கள், அந்த ஓவியர்கள்மேல் மரியாதை வரும்.

இந்தக் கல்லச்சு நம் நாட்டு சினிமாவுக்கும் சொந்தம். ஓவியர் ரவிவர்மா 1894-இல் பம்பாயில் கல்லச்சகம் தொடங்கினார். பின்னர் லோனாவாலா பக்கம் இடம்மாறிய அந்த அச்சகத்துக்காகக் கல்லச்சுப் படங்கள் தயாரித்துக் கொடுத்தவர் ஒருவர், 1913-இல் 'ராஜா ஹரிச்சந்திரா' படத்தை எடுத்தார். தாதாசாகேப் பால்கேதான் அவர்.

கனமான கல்லின் இடத்தை மெல்ல மெல்ல உலோகத் தகடு பிடித்தது. 1904 வாக்கில் அமெரிக்காவில் ஐரா ரூபெல் என்ற அச்சுக்காரர் ஒரு வேடிக்கையைக் கவனித்தார். எந்திரத்தில் ஒரு காகிதம் போகத் தவறினால், தகட்டின் மை ரப்பர் உருளையில் பதிந்துவிடும். அடுத்த காகிதத்தின் பின்பக்கத்தில் ரப்பரிலிருந்து ஒரு படம் விழும். அது நேராக அடித்த படத்தைவிடத் தெளிவாக இருந்தது! ரப்பர் மெத்தென்று இருப்பதால் காகிதத்தின் மேடு பள்ளங்களுக்கு வளைந்து கொடுக்கிறது. காகிதத்தில் ஆஃப்செட் அச்சு இப்படித்தான் பிறந்தது. தகட்டிலிருந்து ரப்பருக்கும் ரப்பரிலிருந்து காகிதத்துக்குமாகப் படம் இரண்டு முறை திரும்புவதால், இடவலம் மாற்றி எழுதும் தொல்லையும் ஒழிந்தது.

1959-இல் வந்த 'பென்-ஹர்' என்ற சரித்திரப் பட போஸ்டரில் படத்தின் பெயரே மலைபோன்ற பாறையாக நிற்கும். கீழே தேர்ப் பந்தயமும் பொடிப்பொடியாக மனிதர்களும் இருப்பார்கள். மனிதனின் உயரம் நமக்குப் பழக்கம். அதனால் அவன் எறும்பளவு தெரிந்தால் பக்கத்தில் இருப்பது பிரமாண்டம் என்று மூளை கணக்குப் போட்டுவிடும். சரித்திரப் பட ஓவியர்கள் இந்தக் கணக்கை நன்றாகவே பயன்படுத்தினார்கள் (படம் சுமாராக இருந்தாலும் போஸ்டர் பிரமாதமாக இருப்பது இதனால்தான்).

இந்த மாதிரி போஸ்டரை லென்ஸ் வைத்துப் பார்த்தால் பாறையும் இராது, தேரும் இராது. சயான் என்ற பசுநீலம், மெஜந்தா என்ற இளஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு என நான்கே நிறத்தில் புள்ளிகள்தான் இருக்கும். ஓவியத்தை வண்ணக் கண்ணாடிகள் வழியாகப் படமெடுத்து, ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனித் தகடு செய்வார்கள். பழுப்பு, ஊதா, செம்பு எல்லாம் நம் கண்ணுக்குள் கலந்து உண்டாகிறவை.

பழைய போஸ்டர்கள் வெயிலில் ஏன் நீலம் பாரித்துப் போகின்றன தெரியுமா? புற ஊதாக் கதிர்கள் நிறப்பொருளின் மூலக்கூறுகளை உடைக்கின்றன. மலிவான மெஜந்தாவும் மஞ்சளும் முதலில் சாகும். சயானில் இருக்கும் நிறப்பொருள் செம்பு அணுவை நடுவில் வைத்த உறுதியான வளையம், அது எளிதில் உடையாது. கறுப்போ வெறும் கரி. ஆகவே வீரனின் முகம் நீலமாகிப்போகிறது. காகிதம் மஞ்சளாவது வேறு கதை. மரக்கூழில் உள்ள லிக்னின் என்ற பொருள் காற்றோடும் ஒளியோடும் சேர்ந்து நிறம் மாறுவதால் வருவது அது. புதுச் செய்தித்தாள்மேல் ஒரு நாணயத்தை வைத்து மொட்டைமாடி வெயிலில் சில நாள் விட்டுப் பாருங்கள். நாணயம் மறைத்த வட்டம் மட்டும் வெளுப்பாகவே இருக்கும்.

நண்பகல் வெயிலின் வெளிச்சம், லக்ஸ் என்ற அலகில் சொன்னால், ஏறத்தாழ 1,00,000. அருங்காட்சியகங்களில் இப்படிப்பட்ட பழைய தாள்களை 50 லக்ஸ் வெளிச்சத்தில்தான் வைக்கிறார்கள், அதுவும் சில மாதங்கள் மட்டும். பிறகு இருட்டு அலமாரிக்குள் எடுத்து வைத்துவிடுவார்கள்.