எலிபெண்டா தீவு: ஒரு நாள் லீவு வீணா, லாபமா?

மும்பை,
“பாறையைப் பார்க்கவா ஒரு நாள் லீவு?” என்று முணுமுணுப்பவர்கள் உண்டு.

கேட்வே ஆப் இந்தியாவில் படகு ஏறினால் சுமார் ஒரு மணி நேரம். இறங்கியதும் சுமார் 120 படி ஏறணும். மூட்டுவலிக்காரர்கள் யோசிக்கட்டும்!

தீவுக்குப் பெயர் தந்த கல் யானையும் அங்கே இல்லை. அது பைகுல்லா பூங்காவில் நிற்கிறது!

ஆனால் மலையைக் குடைந்த குகைக்குள் சுமார் 20 அடி உயரத்தில் மூன்று முக சிவன். பார்த்ததும் படியேறிய களைப்பு பறந்துவிடும்.

திங்கள் போகாதீங்க!

திங்கட்கிழமை குகை மூடல். அன்று லீவு விடும் கடைக்காரர்கள் ஏமாற வேண்டாம்.

2024 டிசம்பர் 18-ந்தேதி கடற்படை படகு மோதி, எலிபெண்டா சென்ற படகு கவிழ்ந்தது. பலர் பலியானார்கள். எனவே லைப் ஜாக்கெட் மாட்டாமல் உட்காராதீர்கள்.

காலைப் படகில் போனால், லீவு லாபம்தான்!