அடுப்பில் ஏற்றுமுன் அளந்து பாருங்கள்

வீடு கட்ட ‘பிளான் அப்ரூவல்’ வாங்க வேண்டும் என்றாலே பலருக்கு வயிற்றைக் கலக்கும். அவ்வளவு பயப்பட வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 2024 ஜூலையில் சுயசான்றுத் திட்டம் வந்தபின், சின்ன வீடுகளுக்கு இணையத்திலேயே உடனடி அனுமதி கிடைக்கிறது. உள்ளே என்ன நடக்கிறது? சமையலறைக்கே போய்ப் பார்ப்போம்.

முதலில் பாத்திரத்தின் அளவு. மனை 2,500 சதுர அடிக்குள், கட்டடப் பரப்பு 3,500 சதுர அடிக்குள் இருக்க வேண்டும். தரைத்தளம், அல்லது தரையும் முதல் மாடியும். ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. ஆக, ஒரு கிரவுண்டு மனை இந்தப் பாத்திரத்தில் அடங்கிவிடும்.

அடுத்து, மளிகைச் சாமான். உலை கொதிக்கும்போது பருப்பு டப்பா காலி என்று தெரிந்தால் எப்படி இருக்கும்? அதனால் கிரயப் பத்திரம், பட்டா, மனையின் புகைப்படம், வரைபடம் எல்லாவற்றையும் முன்பே எடுத்து வையுங்கள். பட்டா இன்னும் விற்றவர் பெயரிலேயே இருக்கிறதா? முதலில் பெயர் மாற்றுங்கள். அங்கீகாரம் இல்லாத மனை என்றால் அதை வரன்முறைப்படுத்திய ஆணையும் கையில் வேண்டும். இது கல் பொறுக்காத அரிசி மாதிரி. சோறு வெந்தபின் பொறுக்க முடியாது.

பிறகு, அளவு. ஒரு பங்கு அரிசிக்கு இரண்டு பங்கு தண்ணீர் என்போமே, அதேபோல மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. அதுதான் தளப்பரப்புக் குறியீடு. 2019ஆம் ஆண்டு விதிகளின்படி சாதாரண வீட்டுக்கு அது 2. அப்படியென்றால் 1,200 சதுர அடி மனையில் 2,400 சதுர அடி வரை கட்டலாம். ஆனால் பாலை விளிம்பு வரை ஊற்றிக் காய்ச்சினால் பொங்கி வழியும். அதற்குத்தான் சுற்றிலும் காலியிடம் விடச் சொல்கிறார்கள். காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் அவசரத்தில் ஆள் நுழைவதற்கும் அந்த இடம் வேண்டும்.

இனி அடுப்பில் ஏற்றலாம். ஒற்றைச்சாளர இணையதளத்தில் கைப்பேசி எண்ணைப் பதிந்து உள்ளே நுழையுங்கள். மனை விவரங்களை நிரப்பி, ஆவணங்களை ஏற்றுங்கள். ஓட்டல் பில் போல, சதுர அடிக் கணக்கில் கட்டணம் திரையில் வரும். இந்தத் திட்டத்தில் பரிசீலனைக் கட்டணம் கிடையாது. பணம் கட்டியதும் கியூஆர் குறியீட்டோடு அனுமதி வந்துவிடும். எண்ணெய் பாக்கெட்டின் அக்மார்க் முத்திரை மாதிரி அந்தக் குறியீடு. ஸ்கேன் செய்து உண்மையானதா என்று யாரும் பார்க்கலாம். கட்டி முடித்தபின் முடிவுச் சான்றும் தேவையில்லை.

இவ்வளவு வேகம் எப்படி வந்தது? முன்பு ருசி பார்த்துச் சொல்ல ஓர் அதிகாரி இருந்தார், அவருக்காகக் காத்திருந்தோம். இப்போது சமைப்பவரே ருசி பார்த்து, “உப்பு சரி” என்று கையெழுத்துப் போடுகிறார். சுயசான்று என்பதன் பொருளே அதுதான். கொடுத்த விவரம் பொய் என்று பின்னால் தெரிந்தால் அனுமதி ரத்தாகும்.

ஆகவே விண்ணப்பிக்கும் முன் டேப்பை எடுத்துக்கொண்டு மனைக்கு ஒரு நடை போய் வாருங்கள். பத்திரத்தில் 30 அடி என்று இருந்து, இடத்தில் 29 அடிதான் வந்தால், அதைக் கண்டுபிடிக்கப் போவது கம்ப்யூட்டர் அல்ல, நீங்கள்தான்.