ஜாமியா மில்லியா: சிறுபான்மைத் தகுதி ஏன் விவாதப் பொருளாகிறது?

புது தில்லி: தில்லி ஓக்லாவில் உள்ள ஜாமியா மில்லியா இஸ்லாமியா, 1988-இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் மத்தியப் பல்கலைக்கழகம் ஆனது. 2011-இல் தேசிய சிறுபான்மைக் கல்வி நிறுவனங்கள் ஆணையம் அதைச் சிறுபான்மை நிறுவனமாகவும் அறிவித்தது. அரசு நிதியில் இயங்கும் பல்கலைக்கழகம் ஒரு சமூகத்தின் நிறுவனமாகவும் நீடிக்க முடியுமா என்பதே விவாதத்தின் மையம்.

தொடக்கம் எப்படி?

ஒத்துழையாமை இயக்கத்தின்போது, ஆங்கிலேய அரசின் ஆதரவு பெற்ற கல்வியைப் புறக்கணித்த ஆசிரியர்களும் மாணவர்களும் 1920 அக்டோபர் 29-ஆம் தேதி அலிகாரில் ஜாமியாவைத் தொடங்கினர். 1925-இல் அது தில்லி கரோல் பாகுக்கு மாறியது. நிதி நெருக்கடியில் மூடப்படும் நிலை வந்தபோது, பின்னாளில் குடியரசுத் தலைவரான ஜாகிர் உசேனும் சக ஆசிரியர்களும் மாதம் 150 ரூபாய்க்கு மேற்படாத ஊதியத்தில் 20 ஆண்டுகள் பணியாற்ற உறுதியேற்றனர்.

சட்டம் என்ன சொல்கிறது?

மத, மொழிச் சிறுபான்மையினர் கல்வி நிறுவனங்களை நிறுவி நிர்வகிக்கும் உரிமையை அரசமைப்புச் சட்டத்தின் 30(1) பிரிவு வழங்குகிறது. இதன்படி ஜாமியா 50 சதவீத இடங்களை முஸ்லிம்களுக்கு ஒதுக்குகிறது. மற்ற இடங்களில் அனைத்துச் சமூகத்தினரும் சேரலாம். ஆனால், 15(5) பிரிவு சிறுபான்மை நிறுவனங்களுக்கு விலக்கு அளிப்பதால், பட்டியலினத்தவர், பழங்குடியினர், இதர பிற்படுத்தப்பட்டோருக்கான இடஒதுக்கீடு அங்குக் கட்டாயமில்லை. எதிர்ப்பாளர்களின் முக்கிய வாதம் இதுவே.

அமெரிக்க ஒப்பீடு

கறுப்பினத்தவருக்குக் கல்வி மறுக்கப்பட்ட காலத்தில் அவர்களுக்காக உருவான கல்லூரிகள் அமெரிக்காவில் சுமார் 100 உள்ளன. 1867-இல் தொடங்கப்பட்ட ஹோவர்டு பல்கலைக்கழகம் அவற்றில் ஒன்று. அவை அரசு நிதி பெறுகின்றன. எல்லா இனத்தவரையும் சேர்க்கின்றன. எனினும், ஜாமியாவில் உள்ளதுபோல் குறிப்பிட்ட சமூகத்துக்கென இடங்கள் அங்கு ஒதுக்கப்படுவதில்லை.

2024 தீர்ப்பின் தாக்கம்

சட்டத்தால் உருவாக்கப்பட்ட பல்கலைக்கழகத்தைச் சிறுபான்மையினர் நிறுவியதாகக் கருத முடியாது என்ற 1967-ஆம் ஆண்டின் அஜீஸ் பாஷா தீர்ப்பை, 2024 நவம்பர் 8-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் 4-3 என்ற பெரும்பான்மையில் ரத்து செய்தது. நிறுவனத்துக்கான எண்ணம் யாருடையது, நிதியும் நிலமும் யார் தந்தது, யாருடைய நலனுக்காக அது தொடங்கப்பட்டது ஆகியவற்றை ஆராய வேண்டும் என்று அமர்வு கூறியது. தீர்ப்பு அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழக வழக்கில் வந்தது என்றாலும், அதன் அளவுகோல் ஜாமியாவுக்கும் பொருந்தும்.

ஆகவே, 1920-களில் யார் நன்கொடை தந்தனர், யார் குறைந்த ஊதியத்தில் உழைத்தனர் என்பது வெறும் வரலாற்றுச் செய்தி அல்ல. இனி வரும் மாணவர் சேர்க்கையைத் தீர்மானிக்கக்கூடிய சான்றாகவும் அமைகிறது.