ஆதரவு நிறுத்தப்பட்ட இணையச் சுடும் விளையாட்டிலிருந்து விலகுதல்

ஆதரவு நிறுத்தப்பட்ட இணையச் சுடும் விளையாட்டு என்பது, உருவாக்கிய நிறுவனம் பிழைதிருத்தம், பாதுகாப்பு மேம்பாடு, சர்வர் பராமரிப்பு ஆகியவற்றைக் கைவிட்ட பழைய துப்பாக்கிச் சண்டை விளையாட்டைக் குறிக்கும். இதில் தொடர்வதா, விலகுவதா என்பது ஆட்டக்காரரின் விருப்பத்தை மட்டும் சார்ந்ததன்று. அவருடைய கணினியின் பாதுகாப்பும் இதில் அடங்கியுள்ளது.

ஆதரவு நிற்கும் விதங்கள்

கேரம் பலகையை விற்ற கடை மூடப்பட்டாலும் வீட்டில் ஆட்டம் நிற்பதில்லை. இணைய விளையாட்டு அவ்வாறன்று. ஆட்டக்காரரிடம் இருப்பது அதன் ஒரு பகுதியே. ஆட்டக்காரர்களை ஒன்று சேர்க்கும் மறுபகுதி சர்வரில் இயங்குகிறது. எனவே சர்வர் யார் கையில் உள்ளது என்பதே விளையாட்டின் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

சில விளையாட்டுகள் ஒரே நாளில் முடிவுக்கு வருகின்றன. அன்ரியல் டோர்னமென்ட் 2004 உள்ளிட்ட தன் பழைய விளையாட்டுகளின் இணையச் சேவையை எபிக் கேம்ஸ் 2023 சனவரி 24 அன்று நிறுத்தியது. இந்தியாவில் பப்ஜி மொபைல் 2020 செப்டம்பர் 2 அன்று அரசால் தடை செய்யப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் 30 அன்று அதன் சர்வர்கள் இந்திய ஆட்டக்காரர்களுக்கு மூடப்பட்டன. இது நிறுவனமே கைவிட்டதன்று என்றாலும், ஆட்டக்காரருக்கு நேர்ந்த விளைவு ஒன்றே. 2021 சூலை மாதம் வெளியான பிஜிஎம்ஐ விளையாட்டுக்குப் பழைய கணக்கின் விவரங்களை மாற்றிக்கொள்ள வாய்ப்பு அளிக்கப்பட்டது. எல்லா விளையாட்டிலும் இவ்வாய்ப்பு கிடைப்பதில்லை.

வேறு சில மெல்ல மெல்லப் புறக்கணிக்கப்படுகின்றன. 2007இல் வெளியான டீம் ஃபோர்ட்ரெஸ் 2 விளையாட்டில், குறி தவறாமல் சுடும் தானியங்கி பாட்கள் பெருகி மனிதர்கள் விளையாட இயலாத நிலை ஏற்பட்டது. ஆட்டக்காரர்கள் 2022 மே மாதத்திலும் 2024 சூன் மாதத்திலும் இணையத்தில் திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தனர். பின்னர் வால்வ் நிறுவனம் அவற்றைப் பெருமளவில் நீக்கியது. ஆகவே, விளையாட்டு பழையதாகிவிட்டது என்பது மட்டுமே விலகுவதற்குக் காரணமாகாது.

கவுண்டர் ஸ்ட்ரைக் 1.6

2003இல் வெளியான கவுண்டர் ஸ்ட்ரைக் 1.6, தமிழ்நாட்டின் பிரவுசிங் சென்டர்களிலும் கல்லூரி விடுதிகளிலும் லேன் இணைப்பில் பலர் விளையாடிய விளையாட்டாகும். இதன் சர்வர் மென்பொருளை யாரும் தம் கணினியில் நிறுவலாம். அடுத்தடுத்த பதிப்புகள் வந்த பின்னரும் இது அழியாமல் நிற்க இதுவே முக்கியக் காரணம்.

இந்தத் திறந்த தன்மையே ஆபத்தாகவும் மாறியது. 2019 மார்ச்சில் டாக்டர் வெப் என்ற பாதுகாப்பு நிறுவனம் 'பெலோனார்ட்' என்னும் தீநிரலைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. விளையாட்டில் திருத்தப்படாமல் இருந்த பிழைகள் வழியாக, தீய சர்வரில் இணைந்தவரின் கணினிக்குள் இந்நிரல் நுழைந்தது. பின்னர் அந்தக் கணினியையே பயன்படுத்திப் போலி சர்வர்களைப் பட்டியலில் காட்டி, மேலும் பலரை ஈர்த்தது. பட்டியலில் இருந்த ஏறத்தாழ 5,000 சர்வர்களில் 1,951 இவ்வாறு உருவாக்கப்பட்டவை என அவ்வறிக்கை கூறியது. அதாவது 39 விழுக்காடு.

விலகும் முன் செய்ய வேண்டியவை

தீவிரமான பாதுகாப்புப் பிழை அறியப்பட்டும் திருத்தம் வராதபோது, அறிமுகமில்லாத சர்வர்களில் இணைவதை நிறுத்துவதே நல்லது. நண்பர்களுக்குள் இணையம் இன்றி லேனில் ஆடும்போது இந்த ஆபத்து வெகுவாகக் குறையும். விலக முடிவு செய்தவர்கள் பின்வருவனவற்றைச் செய்யலாம்:

• கணக்கில் சேமித்த வங்கி அட்டை விவரங்களை நீக்குதல்.
• அதே கடவுச்சொல்லை வேறு இடங்களில் பயன்படுத்தியிருந்தால் அங்கும் மாற்றுதல்.
• புள்ளிவிவரங்களையும் ஆட்டப் பதிவுகளையும் படமாகவோ காணொளியாகவோ சேமித்தல்.
• அணித் தோழர்களின் தொடர்பை விளையாட்டுக்கு வெளியே பெற்றுக்கொள்ளுதல்.

இவற்றுள் இறுதியானதே பெரும்பாலும் மறக்கப்படுகிறது. பல ஆண்டுகள் ஒன்றாக ஆடியவர்கள் ஒருவரையொருவர் புனைபெயரால் மட்டுமே அறிந்திருப்பர். சர்வர் அணைந்தால் அந்தப் பெயரைத் தேட வேறு இடமில்லை.

ஆட்டக்காரர் உரிமை

விலை கொடுத்து வாங்கியவருக்குக் கிடைப்பது விளையாட்டா, அதைப் பயன்படுத்தும் உரிமம் மட்டுமா என்ற கேள்வி இப்போது சட்ட மன்றங்களை எட்டியுள்ளது. யுபிசாஃப்ட் நிறுவனம் தி க்ரூ என்ற கார்ப் பந்தய விளையாட்டை 2024 மார்ச் 31 அன்று மூடியதைத் தொடர்ந்து 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கம் தொடங்கப்பட்டது. ஆதரவை நிறுத்தும் நிறுவனங்கள், விளையாட்டைத் தொடர்ந்து ஆடக்கூடிய நிலையில் விட்டுச்செல்ல வேண்டும் என்பது அதன் கோரிக்கை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கான அதன் மனுவில் 10 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். கலிபோர்னியாவில் 2025 சனவரி 1 முதல், விற்கப்படுவது உரிமம் மட்டுமே எனில் அதை வாங்குபவருக்குத் தெளிவாகத் தெரிவிக்க வேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்துள்ளது.