மலிவு ரேசர் மட்டமா?



'ரேசரைப் பற்றிப் பெண்கள் பகுதியில் எழுத என்ன இருக்கிறது?' என்று முகம் சுளிக்காதீர்கள். மளிகை லிஸ்ட்டில் துவரம்பருப்பு, குளியல் சோப்புக்குக் கீழே 'ரேசர் ஒன்று' என்று எழுதுவது யார்? பெரும்பாலான வீடுகளில் நாம்தானே! கடைக்காரர், "பத்து, இருபதுக்கும் இருக்கு, நூறு, இருநூறுக்கும் இருக்கு. எதுக்கா வேணும்?" என்று கேட்கும்போது திருதிருவென விழிப்பதும் நாம்தான். மலிவானதை வாங்கிப் போனால், "இதை வச்சு மூஞ்சியைக் கிழிச்சுக்கவா?" என்பார்கள். விலை கூடியதை வாங்கினால், "உனக்கு ரொம்பத்தான் தாராள மனசு" என்பார்கள். இரண்டுக்கும் பதில் தெரிந்திருக்க வேண்டாமா?

எனக்கு இதில் அக்கறை வரக் காரணம் என் மாமனார். ஏலக்காய் எஸ்டேட்டில் கங்காணியாக இருந்தவர். திங்கட்கிழமை விடிவதற்கு முன் ஜீப்பில் போடிமெட்டு ஏறினால் சனிக்கிழமை சாயங்காலம்தான் இறங்குவார். மலையில் குளிருக்குப் பயந்து வாரம் முழுக்கத் தாடியை அப்படியே விட்டுவிடுவார். கீழே இறங்கியதும் முதலில் சலூன், அப்புறம்தான் வீடு. "முகத்தை மழிக்காம வாசப்படி மிதிக்க மாட்டாரு" என்று என் அத்தை பெருமையாகச் சொல்வார்.

மூன்று வருடத்துக்கு முன் அவருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. வாயும் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. வீட்டுக்கே வந்து சவரம் செய்துகொண்டிருந்த பெரியவர், மகனோடு இருக்க திருப்பூர் போய்விட்டார். என் வீட்டுக்காரர் மலையிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். அவருக்கு அவசரக் கை. மிச்சம் இருந்தது நான்.

மாமா ஒத்துக்கொள்ளவே இல்லை. "மருமக கையால சவரமா? வேணாந்தாயி" என்று குழறிக்கொண்டே சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். பக்கத்து வீட்டுப் பெரியம்மா ஒருவர், "அது வேற ஆளுக செய்யிற வேலைடி, உனக்கு எதுக்கு?" என்றார். "பிள்ளைக்கு மூக்குச்சளி துடைக்கிறோமே பெரியம்மா, அது எந்த ஆளுக வேலை?" என்று கேட்டேன். பதில் இல்லை. இரண்டு வாரம் போயிற்று. கஞ்சி தாடியில் ஒட்டிக் காய்ந்து, தோல் சிவந்து, ஒரே அரிப்பு. கல்யாணப் பத்திரிகை வைக்கத் தேனியிலிருந்து சொந்தக்காரர்கள் வந்த அன்று, போர்வையை இழுத்து முகத்தை மூடிவிடச் சொன்னார் மாமா. அன்று ராத்திரி அத்தை வந்து, "நாளைக்கு நீயே பண்ணிவிட்டுரு ஆத்தா, நான் பக்கத்துல நிக்கிறேன்" என்றார்.

சரி, எந்த ரேசரால் செய்வது? வீட்டில் மாமாவுடைய பழைய பித்தளை ரேசர் இருந்தது. இரண்டு பக்கமும் வெட்டும் பிளேடு போடுவது. அருமையான சாமான்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது கனம்; சரிவு கொஞ்சம் தப்பினால் கீறிவிடும். தளர்ந்து தொங்கும் கன்னத்தில் அதை ஓட்ட எனக்குத் தைரியம் வரவில்லை. அவர் தினமும் ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர். சின்னக் கீறல் என்றாலும் ரத்தம் நிற்க நேரமாகும். பெட்டிக்கடையில் பெயரே போடாத ஒரு பிளாஸ்டிக் ரேசர் வாங்கி, முதலில் என் முன்னங்கையில் இழுத்துப் பார்த்தேன். முடியை வெட்டவில்லை, பிடுங்கியது! தூரப் போட்டேன். கடைசியில் கை கொடுத்தது ஜில்லெட் கார்டு என்கிற ஒற்றை பிளேடு பிளாஸ்டிக் ரேசர். (நான் அந்தக் கம்பெனிக்கு விளம்பரம் செய்யவில்லை. அவர்கள் எனக்கு ஒரு டப்பா சோப்பு நுரைகூடத் தந்ததில்லை!)

இந்த ரேசர் பிறந்த கதை சுவையானது. 2002-ல் அதே கம்பெனி நம் நாட்டுக்கென்று 'வெக்டார்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. நம் ஆண்களுக்கு முடி அடர்த்தி, தினமும் மழிப்பதும் இல்லை; அதனால் நீண்ட முடி பிளேடில் அடைத்துக்கொள்ளும் என்று, அடைப்பைத் தள்ளிவிட ஒரு பிளாஸ்டிக் பட்டையை அதில் வைத்தார்கள். யாரிடம் கொடுத்துச் சோதித்தார்கள் தெரியுமா? அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் படித்த இந்திய மாணவர்களிடம்! "பிரமாதம்" என்றார்கள் அந்தப் பிள்ளைகள். ஆனால் இங்கே விற்பனைக்கு வந்ததும் எடுபடவில்லை. காரணம் பிற்பாடுதான் புரிந்தது. அந்த மாணவர்களுக்குக் குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டும். நம் ஊரில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துக்கொண்டு, தரையில் குந்தி உட்கார்ந்து, கையில் சின்னக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டல்லவா மழிக்கிறார்கள்! தேங்கிய தண்ணீரில் முக்கினால் அடைப்பு போகவில்லை.

இதை நம் ஊர்ப் பெண் யாரிடமாவது கேட்டிருந்தால் ஒரே நிமிடத்தில் சொல்லியிருப்பாள், இல்லையா? டம்ளரில் மிதக்கும் முடியைக் கொட்டிக் கழுவுகிறவள் அவள்தானே!

அப்புறம் அந்தக் கம்பெனிக்காரர்கள் இங்கேயே வந்து, ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களோடு 3,000 மணி நேரம் செலவழித்துப் பார்த்தார்களாம். நம்மவர்களுக்கு வழவழப்பைவிடக் காயம் படாமல் இருப்பதே முக்கியம் என்று அப்போது தெரிந்தது. 2010-ல் கார்டு வந்தது. ரேசர் 15 ரூபாய், மாற்று பிளேடு 5 ரூபாய். மூன்று பிளேடு உள்ள 'மாக் 3' ரேசருக்கு 25 பாகங்கள் என்றால் இதற்கு நான்கே நான்கு. வழுக்கிப் போக ஒட்டும் பட்டையை எடுத்துவிட்டார்கள். தோலை அழுத்திப் பிடிக்கச் சீப்புப் பல் மாதிரி பெரிய பற்கள், ஈரக்கை வழுக்காமல் இருக்கக் கைப்பிடியில் புடைப்புகள், ஆணியில் மாட்ட ஒரு ஓட்டை. எங்கள் வீட்டுக் குளியலறையிலும் அது ஆணியில்தான் தொங்குகிறது. சில வருடங்களிலேயே இந்தியாவில் விற்கும் ரேசர் மூன்றில் இரண்டு இதுதான் என்று ஆகிவிட்டது. இன்று விலை ஏறியிருக்கிறது. ஆனாலும் மலிவு வகைதான்.

அப்படியானால் மலிவு ரேசர் நன்றாகச் சவரம் செய்கிறதா? என் பதில்: தினமும் மழித்துப் பளபளவென்று ஆபீஸ் போகிறவருக்கு இரண்டு மூன்று பிளேடு ரேசர் இன்னும் வழவழப்பாகச் செய்யும். முதல் பிளேடு முடியை இழுத்துக் கொடுக்க, அடுத்தது அடியில் வெட்டும். வாரம் இரண்டு தரம் மழிக்கிற நான்கு நாள் தாடிக்கு ஒற்றை பிளேடே மேல். அடைத்துக்கொள்வது குறைவு. சுருட்டை முடிக்காரர்களுக்கு இன்னொரு லாபமும் உண்டு. தோலுக்கும் கீழே வெட்டினால் முடி வெளியே வராமல் உள்ளேயே சுருண்டு கொப்புளம் கட்டும். ஒற்றை பிளேடில் அந்தத் தொல்லை குறைவு. என் தம்பி மகனுக்குக் கழுத்தில் சிவப்புச் சிவப்பாகக் கிளம்பிக்கொண்டிருந்தது. ரேசரை மாற்றிய பிறகு தணிந்துவிட்டது.

ஆனால் ரேசரில் பாதிதான் இருக்கிறது தோழிகளே, மீதி தண்ணீரில் இருக்கிறது. காய்ந்த முடி கம்பி மாதிரி. நன்றாக நனைந்தால்தான் மெத்தென்று ஆகும். நான் வெந்நீரில் துண்டை நனைத்துப் பிழிந்து, மாமாவின் தாடியில் மூன்று நிமிடம் வைத்திருப்பேன். பிறகு சோப்பு நுரை. முடி வளரும் திசையிலேயே, அரை விரல் நீளத்துக்கு, ரேசரை அழுத்தாமல் இழுக்க வேண்டும். அழுத்தினால்தான் வெட்டும் என்று நினைப்பதுதான் பாதிக் காயங்களுக்குக் காரணம். பக்கவாதம் வந்தவருக்கு விழுந்த பக்கத்துக் கன்னத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம், "ஸ்..." என்று சொல்லாமலும் இருக்கலாம். வாயை உப்பவும் முடியாது. அதனால் இடது கை விரலால் தோலைக் காதுப் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டு, கண்ணால் பார்த்துப் பார்த்துத்தான் செய்ய வேண்டும். இரண்டு இழுப்புக்கு ஒரு தரம் தண்ணீரில் அலசுவேன். பாத்திர விளிம்பில் 'டங் டங்' என்று தட்டக்கூடாது, பிளேடின் முனை மழுங்கிவிடும். கீறிவிட்டால் சுத்தமான துணியால் ஐந்து நிமிடம் அழுத்திப் பிடித்தால் போதும். படிகாரக்கல்லும் உதவும். வார்ஃபாரின் மாதிரி ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் வீட்டில் இருந்தால், பிளேடே வேண்டாம். டிரிம்மரோ எலெக்ட்ரிக் ஷேவரோதான் பாதுகாப்பு. உங்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிளேடு ஏன் மழுங்குகிறது என்று யோசித்ததுண்டா? இரும்பைவிட முடி 50 மடங்கு மெத்தென்றது. ஆனாலும் மழுங்குகிறது! 2020-ல் எம்.ஐ.டி. ஆராய்ச்சியாளர்கள் இதைக் கண்டுபிடித்துச் சொன்னார்கள். அவர்களில் ஒருவர் தானே மழித்துக்கொண்டு, பிளேடை எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாராம். முனை தேய்ந்து வட்டமாகவில்லை, அங்கங்கே சில்லுச் சில்லாகப் பெயர்ந்திருந்தது. உருக்கு எல்லா இடத்திலும் ஒரே சீராக இல்லாததும், முடி சாய்வாக வந்து மோதுவதும் சேர்ந்து செய்கிற வேலை அது. ஆகவே விலை கூடியதோ குறைந்ததோ, பிடுங்க ஆரம்பித்தால் மாற்றிவிட வேண்டியதுதான். மாமாவுக்கு எங்கள் வீட்டில் ஒரு பிளேடு ஒரு மாதம், அதாவது எட்டு ஒன்பது தடவை வருகிறது.

சிக்கனம் என்று சொல்லி ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். அப்பா ரேசரை மகனும், அண்ணன் ரேசரைத் தம்பியும் எடுப்பது! கண்ணுக்குத் தெரியாத கீறலில் ஒட்டிய ரத்தம் போதும். மஞ்சள் காமாலை தரும் ஹெபடைட்டிஸ் பி கிருமி உடம்புக்கு வெளியே குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்குமாம். சலூனில் புது பிளேடு மாற்றச் சொல்லிக் கேட்கிறோம், வீட்டில் மட்டும் எல்லாருக்கும் ஒன்று! (வெட்கப்பட்டு யாரும் சொல்லாவிட்டாலும், வீட்டுக்காரர் ரேசரை அவசரத்துக்கு எடுத்துவிட்டுக் கழுவி வைக்கும் தோழிகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மலிவு ரேசர் நமக்கென்று தனியாக ஒன்று வாங்கத்தானே மலிவு? மழித்தால் முடி தடித்து வளரும் என்று பயமுறுத்துவார்கள். அது உண்மையில்லை என்று 1928-லேயே சோதித்துப் பார்த்துவிட்டார்கள்.)

இன்னொன்று. பிரசவத்துக்கோ ஆபரேஷனுக்கோ அட்மிட் ஆனதும், "மெடிக்கல்ல ஒரு ரேசர் வாங்கிட்டு வாங்க" என்று சொல்வது பல இடங்களில் பழக்கம். சுகப்பிரசவத்துக்கு முன் எல்லாருக்கும் மழிப்பது தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆபரேஷனுக்கு முன்பும் ரேசரால் மழிக்கக்கூடாது, அவசியமானால் கிளிப்பரால் கத்தரிக்கலாம் என்று 2016-ல் வழிகாட்டியே வெளியிட்டது. ரேசர் போடும் நுண்ணிய கீறல்கள் வழியே கிருமி போகும் என்பதுதான் காரணம். மகளையோ மருமகளையோ அழைத்துப் போகும்போது, "கத்தரிச்சா போதாதா டாக்டர்?" என்று தாராளமாகக் கேளுங்கள்.

கடைசியாக, தீர்ந்த பிளேடை என்ன செய்கிறீர்கள்? எங்கள் தெருவில் குப்பை வாங்க வரும் அக்கா ஒருநாள் உள்ளங்கையில் துணி சுற்றிக்கொண்டு வந்தார். யார் வீட்டுப் பையிலோ இருந்த பிளேடு. அதுமுதல் காலியான முகப்பவுடர் டப்பா ஒன்றின் மூடியில் கீறல் போட்டு, பிளேடை எல்லாம் அதில் போட்டு வருகிறேன். நிறைந்ததும் மூடியை ஒட்டி, 'பிளேடு' என்று எழுதி, தனியாகச் சொல்லிக் கொடுத்துவிடலாம். இரண்டு வருடமாகியும் டப்பா பாதிகூட நிறையவில்லை.

- ஒரு வாசகி, சிலமலை.