குடலுக்குள் குடல்

காவேரிப் பாசனத்தில் பிறந்தவர்களுக்கு, வாய்க்கால் அடைத்துக்கொண்டால் என்ன நேரும் என்று சொல்ல வேண்டியதில்லை. கீழ் வயல் காயும்; மேலே தேங்கிய நீர் கரையை உடைக்கும். மனிதர் வயிற்றிலும் இந்த அநர்த்தம் உண்டு. அதற்குரிய காரணங்களுள் விசித்திரமானது குடல் செருகல். சட்டையைக் கழற்றும்போது அதன் கை தனக்குள்ளேயே மடங்கிப் புகுந்துகொள்கிறதல்லவா? அவ்விதமே குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் நுழைந்துவிடுகிறது. ரத்தக் குழாய்களும் கூடவே இழுபட்டு நசுங்குவதால், குடல் வீங்கி, முடிவில் அழுகியும் போகலாம்.

இது பெரும்பாலும் கைக்குழந்தைகளின் வியாதி. நூற்றுக்குச் சுமார் ஐந்து பேரே பெரியவர்கள். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் முப்பது வருஷங்களில் 58 பெரியவர்களையே கண்டதாக 1997-ல் எழுதினார்கள். குழந்தைக்கு ஆசன வழியே காற்றையோ திரவத்தையோ நிதானமாகச் செலுத்தினால் செருகல் பெரும்பாலும் விலகிவிடும். பெரியவர்கள் விஷயமோ வேறு. பத்தில் எட்டு ஒன்பது பேருக்கு உள்ளே நுழைந்த குடலின் முனையில் ஏதோ ஒரு கோளாறு ஒளிந்திருக்கும். சிறுகுடலானால் அது பெரும்பாலும் கொழுப்புக் கட்டி போன்ற சாதுவான கட்டி. பெருங்குடலானால் பாதிக்கு மேல் புற்று நோய்.

ஆகவேதான், பெருங்குடல் செருகலைப் பிடித்திழுத்து விடுவிக்காமல், அந்தப் பகுதியை அப்படியே வெட்டியெடுத்து முனைகளை இணைப்பதே நல்லதென்று ரண வைத்தியர்கள் கருதுகிறார்கள். இழுத்தால் நைந்த குடல் கிழியலாம். புற்றின் அணுக்கள் சிதறவும் கூடும். சிறுகுடல் நல்ல நிறத்தோடிருந்து, கட்டியும் சாதுவென்று தெரிந்தால், முதலில் மெல்ல விடுவித்துக்கொண்டு, கொஞ்சமாக வெட்டுவதுண்டு. ஸி.டி. ஸ்கானில் செருகிய குடல் நறுக்கிய வெங்காயம் போல் வளையம் வளையமாகத் தெரியும். தற்செயலாகத் தென்பட்டுத் தானே விலகிவிடும் சிறு செருகல்களும் உண்டு. அவற்றிற்கெல்லாம் கத்தி எடுக்க வேண்டாம்.

வயிற்றைத் திறந்து அடைப்பை நீக்கும் யோசனை நமக்குப் புதிதன்று. சுச்ருதர் அதற்கு முறை வகுத்தார்; குடலில் துவாரமிருந்தால், கறுப்பு எறும்புகளைக் கடிக்கவிட்டு அவற்றின் தலைகளையே தையலாக்கச் சொன்னார்! பெருமைப்பட வேண்டியதுதான். ஆயினும், மயக்க மருந்தும் கிருமி நாசமும் வந்த பின்னரே அது பயமின்றிச் செய்யக்கூடிய காரியமாயிற்று. தஞ்சையில் இரண்டாம் சரபோஜி (1798–1832) தமது தந்வந்தரி மஹாலில் சுதேச வைத்தியத்தையும் மேல்நாட்டு வைத்தியத்தையும் ஒருங்கே போற்றியதில் எவ்வளவு விவேகமிருக்கிறது!

பெரியவர்களுக்கு இந்நோய் குழந்தைக்குப் போல் திடீரென்று வெளிப்படுவது குறைவு. வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில், வலி வந்து வந்து போகும். வீட்டிலோ, “வாயு” என்று சுக்குக் கஷாயம் கொடுத்து அடுத்த வேலையைப் பார்ப்போம். வலியோடு வாந்தி நிற்காமல், வயிறு உப்பி, மலமும் காற்றும் பிரியாமலிருந்தாலோ, ரத்தம் போனாலோ, விளக்கெண்ணெய்ப் புட்டியைத் தொடவே கூடாது. அடைத்த வாய்க்காலில் மேலும் நீரைத் திறந்துவிடுவது போலாகும். 108-க்குச் சொல்லி அன்றிரவே புறப்பட வேண்டும். தஞ்சையில் 1959 முதலும் திருவாரூரில் 2010 முதலும் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. வெட்டியெடுத்த துண்டு அங்கே பரிசோதனைக்குப் போகும். மேற்கொண்டு சிகிச்சை உண்டா, வீடு திரும்பலாமா என்பதை அந்தச் சோதனையின் முடிவுதான் சொல்லும்.