இணையதளக் கம்பெனிப் பங்குகள்: கேட்கும் விலைக்குத் தகுமா?

க்யூஆர் அட்டை இல்லாத மளிகைக் கடை இன்று சேலம், ராசிபுரம், நாமக்கல், திருச்செங்கோடு வட்டாரத்தில் அபூர்வம். அந்த அட்டையையும், பணம் வந்ததை உரக்கச் சொல்லும் பெட்டியையும் தந்த கம்பெனிகளே பங்குச் சந்தைக்கு வரும்போது, 'நாள் முழுக்க நம் கடையில் புழங்குகிற கம்பெனி ஆயிற்றே, நாலு பங்கு வாங்கிப் போட்டால் என்ன?' என்று வணிகர்களுக்குத் தோன்றுவது இயல்பே. கம்பெனி நல்லதா என்பது ஒரு கேள்வி. அது கேட்கும் விலை நியாயமா என்பது வேறு கேள்வி. சரக்குக் கொள்முதலில் இந்த இரண்டையும் நாம் ஒருநாளும் குழப்பிக்கொள்வதில்லை. பங்கில்தான் குழப்பிக்கொள்கிறோம்.

2021 நவம்பரில் வந்த பேடிஎம் வெளியீட்டையே எடுத்துக்கொள்வோம். பங்கு ஒன்றுக்கு ரூ. 2,150. குறைந்தது 6 பங்குகள், அதாவது ரூ. 12,900 கட்ட வேண்டும். அந்த விலைப்படி முழுக் கம்பெனியின் மதிப்பு சுமார் ரூ. 1 லட்சத்து 39 ஆயிரம் கோடி. ஆனால் அதற்கு முந்தைய 2020-21 ஆண்டில் அதன் தொழில் வருமானம் ரூ. 2,802 கோடி; நட்டம் ரூ. 1,701 கோடி.

இதை நம் கணக்கில் சொல்வதானால், செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கமிஷன் மண்டி விலைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக் கமிஷன் வரும்படி ஒரு கோடி. செலவு ஒரு கோடியே அறுபது லட்சம். உடையவர் கேட்கும் விலை ஐம்பது கோடி! ஏன் என்று கேட்டால், 'கூட்டத்தைப் பாருங்கள், ஊரே இங்குதான் வருகிறது' என்பார். நாமாக இருந்தால் காப்பி குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுவோம்.

கூட்டம் இருந்தது உண்மைதான். ஆனால் யுபிஐ மூலம் வரும் பணத்துக்குக் கடைக்காரரிடம் கட்டணம் வாங்கக்கூடாது என்று 2020 ஜனவரி முதலே அரசு விதித்துவிட்டது. கையாளும் தொகை பெருகப் பெருக லாபம் தானாகப் பெருகும் தொழில் அல்ல அது. பெட்டி வாடகை, கடன் ஏற்பாட்டுக் கமிஷன் என்று வேறு வழிகளில்தான் சம்பாதிக்க வேண்டும். மேலும், அன்று திரட்டிய ரூ. 18,300 கோடியில் ரூ. 8,300 கோடி மட்டுமே கம்பெனிக்குப் போனது. மீதி ரூ. 10,000 கோடி, தம் கையிருப்பை விற்ற பழைய பங்குதாரர்களுக்குப் போனது. விவரம் தெரிந்த மொத்த வியாபாரி இருப்பைத் தள்ளும்போது சில்லறைக்காரர் எதற்கு என்று கேட்பார் அல்லவா?

முதல் நாளிலேயே பங்கு ஏறத்தாழ 27 சதவீதம் சரிந்தது. ஓராண்டில் ரூ. 500-க்கும் கீழே போனது. கட்டிய ரூ. 12,900 மூவாயிரத்துக்கும் குறைவாயிற்று. 2025-ல் ஆயிரத்தைத் தாண்டி ஏறியும் வெளியீட்டு விலையை எட்டவில்லை.

இது புதிய கதையும் அல்ல. 1999 நவம்பரில் சென்னையின் சத்யம் இன்ஃபோவே, இந்தியாவேர்ல்ட் என்ற இணையதள நிறுவனத்தை ரூ. 499 கோடிக்கு வாங்கியபோது நாடே வியந்தது. அமெரிக்க நாஸ்டாக் குறியீடு 2000 மார்ச்சில் 5,000 புள்ளிகளைத் தாண்டி, 2002 அக்டோபரில் சுமார் 1,100-க்கு விழுந்தது. பழைய உச்சத்தை மீண்டும் காண 2015 வரை ஆயிற்று. அமேசான் கம்பெனி பிழைத்து வளர்ந்தது என்றாலும், அதன் பங்கும் அந்தச் சரிவில் 90 சதவீதத்துக்கு மேல் இழந்தது.

எல்லாமே இப்படித்தான் என்று சொல்வதும் தவறு. 2021 ஜூலையில் ரூ. 76-க்கு வந்த சொமேட்டோ முதல் நாளே நூறைத் தாண்டியது. ஓராண்டில் நாற்பது சொச்சத்துக்கு இறங்கி, 2024-ல் ரூ. 250-க்கு மேல் போனது. பொறுத்திருந்தவருக்கு லாபமே. (நமக்குப் போட்டியாக வந்துள்ள பிளிங்கிட் அந்தக் கம்பெனிக்குச் சொந்தம் என்பது வேறு விஷயம்.) ஆனால் நம்மில் எத்தனை பேரால் அப்படிப் பொறுத்திருக்க முடியும்? மாதச் சம்பளக்காரர் மிச்சம் பிடித்த பணத்தைப் போடுகிறார். நம் பணம் பெரும்பாலும் சரக்குப் பணம். மண்டிக்காரருக்குத் தவணை நாளில் கட்ட வேண்டும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் இருப்பு வைக்க வேண்டும். பங்கு நாற்பதில் கிடக்கும் வாரத்தில்தான் எண்ணெய் டின்னுக்குப் பணம் தேவைப்படும். விற்றே ஆக வேண்டியவருக்குப் பின்னாளைய 250 ரூபாயால் என்ன பயன்? ஆகவே கடை முதலைத் தொடாமல், ஐந்தாண்டு தேவைப்படாத தொகையில் ஒரு சிறு பகுதிக்கு மேல் இத்தகைய பங்குகளில் போடுவதை நாம் ஆதரிக்கவில்லை.

விண்ணப்பிக்குமுன் விலை அறிக்கையில் ஒரு வரியைத் தேடிப் பாருங்கள். தொடர்ந்து லாபம் காட்டிய கம்பெனியானால் வெளியீட்டில் 35 சதவீதம் சிறு முதலீட்டாளருக்கு ஒதுக்கப்படுவது வழக்கம். செபியின் லாபத் தகுதியை எட்டாத கம்பெனியானால் 10 சதவீதத்துக்கு மேல் ஒதுக்க முடியாது. பேடிஎம், சொமேட்டோ இரண்டிலும் நமக்கென ஒதுக்கப்பட்டது 10 சதவீதமே.